பெயர் மாற்றப்பட்டுள்ளது

வடசேரியைத் தாண்டுவதற்குள் அவன் மூச்சிழுக்க ஆரம்பித்துவிட்டான். காருக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. சுயம்புவின் போனுக்குள் இருந்துகொண்டு கார் ஸ்பீக்கர் வழியாகப் புத்தகம் வாசிக்கிறவன். வாசிப்பதற்கு முன்னால் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு, பிறகு ‘நண்பர்களே’ என்று ஒரு கொஞ்சல், அதன் முதுகில் ஒரு புல்லாங்குழல், புல்லாங்குழலுக்குப் பின்னால் மழை. எதற்கு மழை என்று ராஜகனிக்குப் புரியவேயில்லை. முன்னேறுகிறவன் குடை பிடித்துக்கொண்டா முன்னேற வேண்டும்? அவள் சன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். டீசல் புகையும் ஒரு லாரியின் ஆரன் சத்தமும் உள்ளே வந்தன, இவனுக்கு அவை எவ்வளவோ தேவலாம். “கண்ணாடிய ஏத்து பிள்ளே, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு” என்றார் வண்டியோட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுயம்பு. ஏற்றினாள். நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட், கதவு பூட்டு, திருநெல்வேலி வரைக்கும் இறங்க வழியில்லை. போன் அவள் மடியில்தான் கிடந்தது. புறப்படும்போதே சுயம்பு அதை அவளிடம் தந்து, “நல்லதா ஒரு ரிவ்யூ எழுதி வையி. நீதானே அழகா எழுதுவ. புஸ்தகம் எழுதுன சார்ட்டயே காட்டிரலாம்” என்றிருந்தார். திரையில் ஐந்து வெற்று நட்சத்திரங்கள், அவற்றின் கீழே ஒரு வரி: உங்கள் நேர்மையான கருத்தைப் பகிருங்கள்.

நேர்மையான கருத்து. கேட்டுவிட்டார்கள், சொல்லிவிட வேண்டியதுதான். முதலில் இந்த வாசிப்பு. இவனுக்கு ‘வாழ்க்கை’ என்று சொல்ல வராது. வால்க்கை என்கிறான். வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு ஆள் பிடித்தவர்கள் அந்த ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிடித்திருக்கலாம். உன் வால்க்கை உன் கையில் என்று அவன் உருகும்போதெல்லாம் தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிற குரங்கு ஒன்றுதான் அவள் கண்ணுக்கு வந்தது. ‘ஆனால்’ என்ற சொல் வந்துவிட்டால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவான்; போய்க் காப்பி குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சொல்வான் போல. ஆண்கள் பேசுகிற இடத்தில் அவன் குரல் நெஞ்சிலிருந்து வரும். பெண்கள் பேசுகிற இடம் வந்தால் மூக்குக்கு ஏறிவிடும். அம்மாவா, டீச்சரா, கலெக்டரா, யாராக இருந்தாலும் ஒரே கீச்சுக்குரல்தான், பூனைக்குட்டியை மிதித்துவிட்ட மாதிரி. போனில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள். ஏழாவது அத்தியாயம் வரப்போகிறது. இப்போது நடப்பது மூன்றாவது. தோவாளை வந்தது, பூச்சந்தைப் பக்கமிருந்து மூடிய கண்ணாடியையும் மீறிப் பிச்சிப்பூ வாசம் வந்தது, வாசிக்கிறவன் அதிகாலையில் எழுவதன் பத்துப் பயன்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் பூவை எல்லாம் நடுராத்திரியில் எழுந்து பறித்தவர்களுக்கு அந்தப் பத்தில் ஒன்றாவது கிடைத்ததா என்று அவனிடம் யாராவது கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மற்ற புத்தகங்களின் மேல் அவளுக்கு இவ்வளவு கோபம் கிடையாது. சுயம்புவுக்கு இது ஒரு வருஷமாகப் பிடித்த கிறுக்கு. தண்ணீர்த் தொட்டியும் பைப்பும் விற்கிற கடை, எதிரிலேயே பெரிதாக இன்னொரு கடை வந்துவிட்டது, மனிதர் தூங்காமல் புரண்டார், மச்சினன் முறையில் யாரோ ஒருவன் புத்தகம் வாசிக்கிற இந்த ஆப்பைப் போனில் போட்டுத் தந்தான். அன்றிலிருந்து சவரம் பண்ணும்போதும் சாப்பிடும்போதும் யாராவது ஒருவர் அவரை முன்னேற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு அம்மாள், ஆழமாகச் சுவாசியுங்கள், இன்னும் ஆழமாக என்று கடைசி மூச்சில் இருப்பவருக்குச் சொல்வது போலச் சொல்வாள். ஒருவன், எழுந்திரு, இன்னும் ஏன் படுத்திருக்கிறாய் என்று அதட்டுவான். ராஜகனி அப்போது மூன்றாவது தோசையைத் திருப்பிக்கொண்டிருப்பாள். இன்னொருவன் இங்கிலீஷிலிருந்து வந்தவன், உங்கள் வசதி வளையத்தைவிட்டு வெளியேறுங்கள் என்பான், அவள் அடுப்படியில் நின்று அது எந்த வளையம் என்று தேடுவாள், கேஸ் அடுப்பின் வளையத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சிரித்திருக்கிறாள், அவ்வளவுதான். முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடியைப் பார்த்து சுயம்பு ‘நான் சிங்கம்’ என்று மெதுவாகச் சொல்வதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள், பார்த்த நாளில் அவருக்கு இன்னும் ஒரு முட்டை அவித்து வைத்திருக்கிறாள். அந்த மனிதர்மேல் அவளுக்குப் பிரியம்தான். பிரியமான ஆளின் காது வழியாகத்தானா அவன் வீட்டுக்குள் வர வேண்டும்.

அவன் என்றால் வாசிக்கிறவன் இல்லை. எழுதியவர். ‘உன் ஏணி உன் கையில்’, ஆசிரியர் பிரதாபச்சந்திரன். பிரதாபச்சந்திரன் சார். இத்தனை வருஷம் கழித்து மனசுக்குள் திட்டும்போதுகூட அந்த ‘சார்’ ஒட்டிக்கொண்டேதான் வருகிறது, சார் நாசமாய்ப் போக, சார் நாக்கு அழுகிப் போக. கல்யாணத்துக்கு முன்னால் நாகர்கோவிலில் அவருடைய டுடோரியலில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பிறகு அவர் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ஊருக்கே உபதேசம் பண்ணப் போய்விட்டார். புத்தகத்தின் அட்டையில் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு சுயம்பு கடையிலிருந்து ஓடி வந்தார். “இது ஒனக்க பழைய மொதலாளியில்லா! சொல்லவே இல்லையே நீ, இவ்வளவு பெரிய ஆளுன்னு” என்று அவருக்கே ஏதோ சொந்தம் கிடைத்துவிட்ட மாதிரி சந்தோஷம். இன்றைக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாரின் கூட்டம், முடிந்ததும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறாராம். சீட்டு வாங்கிவிட்டுத்தான் அவளிடம் சொன்னார். நான் வரவில்லை, தலைவலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டது ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லை, தெரியும். அவர் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். ஆரல்வாய்மொழியில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நாலு கேள்வியும் எவை என்று யோசித்தால் ஒன்றுகூடச் சரியாக அமையவில்லை.

போன வாரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏழாவது அத்தியாயம் வந்தது. சுயம்பு சாப்பாட்டு மேசையில் போனைச் சத்தமாக வைத்திருந்தார். தலைப்பு, மன்னிக்கப் பழகு. என்னுடைய நிறுவனத்தில் மாலா என்றொரு பெண் வேலை செய்தாள் என்று வாசிக்கிறவன் ஆரம்பித்தான், உடனே குரலை இறக்கி, அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சொல்வது போல, ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்றான். மாலா தினமும் தாமதமாக வருவாள். மாலாவுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சாக்கு. ஒருநாள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அதுவரைக்கும் அவள் கை உரித்துக்கொண்டுதான் இருந்தது. அப்பா என்ற இடத்தில் கத்தி நின்றது. அன்று நான் மாலாவுக்கு ஒரு சிறிய பயிற்சி கொடுத்தேன், அவள் கண்கள் திறந்தன, என்று வாசிக்கிறவன் புல்லாங்குழலைக் கூப்பிட்டான், பிறகு மூக்குக்கு ஏறி, அந்தப் பூனைக்குட்டிக் குரலில், ‘ஐயோ சார், நான் திருந்திவிட்டேன் சார், போய் வருகிறேன் சார்’ என்று அழுதான். மாலா திரும்பி வரவில்லை. ஆனால்... காப்பி குடித்துவிட்டு வந்தான். நான் அவளை மன்னித்துவிட்டேன். சுயம்பு வாய்விட்டுச் சிரித்தார். “இந்த மாலா மாரி ஒண்ணு எல்லா கடையிலயும் உண்டு பாத்துக்கோ. நம்ம கடையிலயும் இருந்தாளே ஒருத்தி” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் உரிக்கிறவள் அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி. அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த மாலா நான்தான், நடந்தது வேறு என்று. சுயம்பு நம்புவார். நம்பிவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து, “ஆனா புஸ்தகத்துல அப்பிடி இல்லையே பிள்ளே” என்பார். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அவளுக்குப் பயம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுடைய வாய்ச்சொல் ஒரு பக்கம், புல்லாங்குழல் வைத்த குரல் ஒரு பக்கம். அவர் காது எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் ஒரு வாரமாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது இதுதான். அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் காலையில் சுற்றி வருகிற வரைக்கும் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், நிற்க அவளைத் தவிர ஆளில்லை. அந்த வாரம்தான் தாமதம், அதற்கு முன்னால் கிடையாது, தினமும் என்பது பொய். எழுதுங்கள், நேர்மையான கருத்து, பக்கம் தெரியாது, ஆனால் பொய். அன்று அவள் உள்ளே நுழைந்ததும் சார் பாடத்தை நிறுத்தினார். பெரிய ஹால், பெஞ்சு நிறையப் பிள்ளைகள், சுவரோரம் மற்ற வாத்தியார்கள். அவளை நடுவில் வந்து நிற்கச் சொன்னார். “நான் சோம்பேறின்னு மூணு தடவ சொல்லு, எல்லாருக்கும் கேக்கணும். இதுவும் ஒரு ட்ரெய்னிங்தான்” என்றார், சிரித்துக்கொண்டே, அட்டைப்படத்தில் இருக்கிற அதே சிரிப்பு. பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி பினாயில் வாடை அவள் புடவையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. சொல்லு, சொல்லு என்றார். அவள் நேராகத் தன் மேசைக்குப் போனாள், கீழே இருந்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள், வாசலில் நின்று திரும்பி, போறேன் சார் என்றாள்.

போய்ட்டு வாரேன் இல்லை. வாரேன் இல்லை. வரட்டுமா இல்லை. போறேன். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிவிட்டுத் திரும்பும்போதுகூட வாரேன் என்று சொல்லிவிட்டு வருகிற ஊர் அது. பல் பிடுங்குகிற டாக்டரிடம், திரும்பி வரவே கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வாரேன் என்பார்கள். போறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இரண்டே வகை, உறவை அறுத்துக்கொண்டு போகிறவர்கள், உயிரை விடப் போகிறவர்கள். பக்கத்து மேசையில் இருந்த மேபல் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏட்டி, வாரேன்னு சொல்லு” என்றாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். சாரின் முகத்தில் அந்தச் சிரிப்பு கழன்றது. “என்ன சொன்ன?” என்றார். இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் படியிறங்கிவிட்டாள். அதையும் அந்த ‘சார்’ஐயும்தான் அவள் இத்தனை வருஷமும் மாற்றி மாற்றி நினைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பிள்ளை பெற்றுக் கிடந்தபோதுகூட. சாரைச் சேர்க்காமல் சொல்லியிருந்தால். திரும்பக் கேட்டதும் திரும்பச் சொல்லியிருந்தால். இருந்தாலும் சொன்னோமே என்று ஒரு நிம்மதி இருந்தது, அவளுடைய வாழ்நாளில் யாருக்கும் பயப்படாமல் வாயிலிருந்து வந்த ஒரே சொல். அதை எடுத்துவிட்டு, போய் வருகிறேன் சார் என்று அழுகையை வைத்திருக்கிறார்கள், மூக்கால். திருடினால்கூட அது அதுவாக இருக்குமே. இது மாற்றி வைத்துவிட்டு, மன்னிப்பும் கொடுத்திருக்கிறது.

யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனாள். அப்பா முழித்துப் பார்த்தார், ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்கக்கூடப் பலமில்லை. சில நாளில் போய்விட்டார். வீட்டில் கிடத்தியிருந்தபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு, “போறேன்னு ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டீரே” என்று அழுதாள். எல்லாச் சாவு வீட்டிலும் அழுகிற அழுகைதான். ஆனால் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ராஜகனிக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. அந்த வார்த்தையை நான்தானே சொன்னேன். சாரைப் பார்த்துச் சொன்னது சாரைத் தாண்டி, பஸ் பிடித்து, என்னோடேயே வார்டுக்கு வந்துவிட்டதா. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். அப்பாவுக்குச் சிறுநீரகம் போயிருந்தது, டாக்டர் முன்னாலேயே கையை விரித்திருந்தார். தெரிந்தும், அதற்குப் பிறகு அவள் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. பால்காரனிடம்கூடப் பார்த்துப் பேசுவாள். அவ்வளவு பயந்து பூட்டி வைத்ததைத்தான் அந்த மழைச்சத்தத்துக்கு நடுவில் வைத்துக் கேலி செய்துவிட்டார்கள். நாங்குநேரி டோல்கேட்டில் வரிசை நீளமாக நின்றது. கார் நகரவில்லை. “அத்தியாயம் ஏழு” என்றான் வாசிக்கிறவன்.

தப்பிக்க முடியாது என்று தெரிந்ததும் அவள் ஆடாமல் உட்கார்ந்தாள். என் நிறுவனத்தில் மாலா என்றொரு பெண். எழுது. ஒரு நட்சத்திரம். ஒன்றுகூட அதிகம். ஒலிநூல் என்று இதைச் சொல்லாதீர்கள், இது கோள்நூல். பெயர் மாற்றப்பட்டுள்ளது, பெயர் மட்டுமா ஐயா மாற்றினீர்கள்? மாலாவுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சாக்கு. கூட்டத்தில் எழுந்து மைக்கை வாங்கி, செத்துப்போன என் அப்பாவைச் சாக்கு என்று எழுதியவர் இவர்தான் என்று சொல்ல வேண்டும். வேண்டாம், அழுகை வரும், அழுதால் அந்த மாலாவாகவே ஆகிவிடுவோம். இந்த வாசிக்கிறவனைத் தேடிப் பிடித்து, ஒரு நாள் முழுக்க ‘வாழைப்பழம் வழுக்கி கிழவி விழுந்தாள்’ என்று சொல்ல வைக்க வேண்டும். சாரை அதே ஹாலின் நடுவில் நிறுத்த வேண்டும், மூணு தடவை. என்ன சொல்லச் சொல்லலாம்? நான் பொய்யன். அதுவும் போதவில்லை. ஐயோ சார், நான் திருந்திவிட்டேன் சார் என்று ஸ்பீக்கர் கீச்சிட்டது. சுயம்பு இந்தத் தடவையும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். “ஏம் பிள்ளே, நீ இருக்கும்போதா இந்த மாலா இருந்தா? ஒனக்குத் தெரியுமா?” “தெரியும்” என்றாள் ராஜகனி. “எப்பிடிப்பட்டவ?” பின்னாலிருந்த வண்டி ஆரன் அடித்தது, முன்னால் இடம் விழுந்துவிட்டிருந்தது. “வண்டிய எடுங்க” என்றாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

மண்டபத்தில் சார் இரண்டு மணி நேரம் பேசினார். தலைமுடிக்கு மை போட்டிருந்தார். சட்டைக் காலரில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன மைக், அவர் தொண்டையைச் செருமினால் மண்டபமே செருமியது. அவர் என்ன பேசினார் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அவளுக்குள் அந்த நாலு கேள்விகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன, ஒன்றை எடுத்தால் இன்னொன்று சரிந்து விழுந்தது. பேச்சு முடிந்து மேடையிலேயே மேசை போட்டார்கள், வரிசை நின்றது, சுயம்பு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், அவர் கழுத்து வேர்த்திருந்தது, பாவம். முறை வந்தது. “சார், நாங்க நாகர்கோவில், உங்க புஸ்தகம் கேட்டுத்தான் சார் நான்” என்று ஆரம்பித்து, முடிக்காமலே புத்தகத்தை நீட்டினார். சார் நிமிராமல், சந்தோஷம் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பினார். “யார் பேருக்குப் போடணும்?” “என் வீட்டுக்காரி பேருக்கு சார்” என்றார் சுயம்பு. “பேரு சொல்லுங்கம்மா.” “மாலா” என்றாள் ராஜகனி. சுயம்பு சட்டென்று திரும்பினார். சார் எழுதினார். அன்பு மாலாவுக்கு, ஏணி உங்கள் கையில். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஒரு பொறிகூடத் தட்டவில்லை அவருக்கு. கீழே கையெழுத்தைச் சுழித்துப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளி, அடுத்த ஆளுக்காகக் கையை நீட்டினார்.

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. “போறேன்” என்றாள்.

அந்தக் கை நின்றது. நிமிர்ந்தார். முதலில் எரிச்சல்தான் இருந்தது, இப்படியா சொல்வது என்கிற எரிச்சல். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், டிபன் பாக்ஸைத் தேடுவது போல அவள் கையைப் பார்த்தார், மறுபடி முகத்தை. வாய் கொஞ்சம் திறந்தது. “என்ன சொன்னீங்க?” என்றார். காலரில் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. என்ன சொன்னீங்க என்று மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் கேட்டது. நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜகனி குனிந்தாள், அந்தச் சின்னப் பொத்தானுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், “போறேன்” என்றாள். அது மேலே போய் ஸ்பீக்கர் வழியாக இறங்கியது. கனத்த குரல், நெஞ்சிலிருந்து வருகிற குரல், கொஞ்சம் கரகரப்பு, அவளுடையதுதான். மழையில்லை, புல்லாங்குழல் இல்லை. சுயம்புவுக்கு அந்தக் குரல் தெரியும். அன்பு மாலாவுக்கு என்று திறந்து கிடந்த புத்தகத்தை எடுக்க நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்வதை அவள் பார்த்தாள், பிறகு படியிறங்கினாள்.